தன் கதையைக் கேட்க வருகிற பேய்

சாரல் காலத்தில் குற்றாலத்தில், பேரருவிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு இது தெரியும். பகலில் அருவிச் சத்தம் தனியாகக் காதில் விழாது. எண்ணெய் மசாஜுக்குக் கூப்பிடுகிறவர்கள், நேந்திரம் சிப்ஸ் வறுக்கும் வாணலி, போலீஸ் விசில், வேன் ஹாரன் எல்லாவற்றோடும் கலந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கூட்டம் கரைந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தபிறகுதான் அந்த ஓசை தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருங்கள். சத்தத்துக்குள்ளிருந்து யாரோ பேசுவார்கள். சில நேரம் ஒரு பெண் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

எங்கள் ஆச்சி இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். "ஏலே, ராத்திரி பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு தடவைக்கு ஏன்னு கேக்கக் கூடாது. மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுசன். அதுக்குக் கீழ கூப்பிட்டா அது வேற."

விஞ்ஞானம் சொல்கிற காரணம் எளிமையானது. அருவியின் இரைச்சலில் காதுக்கு எட்டுகிற எல்லா அதிர்வெண்களும் கலந்து கிடக்கின்றன. எதிலும் ஓர் ஒழுங்கைத் தேடிப் பழகிய மூளை, அந்தக் குவியலுக்குள் தனக்கு மிகவும் பழக்கமானதைப் பொறுக்கி எடுக்கிறது. மனிதனுக்குத் தன் பெயரைவிடப் பழக்கமான ஓசை எது? இந்த விளக்கம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் இன்றுவரை முதல் கூப்பாட்டுக்கு நான் பதில் சொன்னதில்லை.

அதே இரைச்சல் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில், எங்கள் வீட்டு முன்னறையிலும் இருந்தது. தாத்தாவின் வால்வ் ரேடியோவுக்குள்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவில்

அந்த ரேடியோவைப் போட்டதும் பாடாது. முதலில் உள்ளே இருக்கிற வால்வுகள் சூடேற வேண்டும். மரப்பெட்டியின் பின்பக்கத்து அட்டைத் துளைகள் வழியே ஆரஞ்சு வெளிச்சம் சுவரில் புள்ளி புள்ளியாக விழும். தூசி சூடாகிற வாசனை வரும். முகப்பில் ஒரு பச்சைக் கண் மெல்லத் திறக்கும். நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண் கூர்மையாகும். பிடிபடாவிட்டால் விரிந்து கலங்கி நிற்கும். அறையின் குறுக்கே சல்லடை போன்ற செம்புக்கம்பி நாடாவில் ஏரியல் கட்டியிருந்தார்கள். அதில் பல்லி ஓடினால்கூட ஸ்பீக்கரில் கரகரக்கும்.

தாத்தா குமிழைத் திருகும்போது திருநெல்வேலி வானொலிக்கும் இலங்கை வானொலிக்கும் நடுவே முள் கொஞ்ச தூரம் வெறும் இரைச்சலில் போகும். பேரருவிச் சத்தம்தான் அது. எனக்குப் பயமெல்லாம் அந்த இடத்தில்தான். பகலில் அங்கே ஒன்றும் இருக்காது. ராத்திரியில் ஆட்கள் இருப்பார்கள். மலையாளத்தில் ஒருத்தி அழுவாள், தெரியாத பாஷையில் ஒருவர் அறிவிப்பு வாசிப்பார், எங்கோ ஒரு ஷெனாய் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல எழுந்து அமுங்கும்.

இதற்கும் காரணம் இருக்கிறது. மத்திய அலை ரேடியோவில் பகல்பொழுது தரையை ஒட்டிப் போகிற அலை மட்டும்தான் நம்மை எட்டும். மேலே எழுகிற அலையை, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய வெளிச்சம் உண்டாக்கிவைத்திருக்கும் மின்னூட்ட அடுக்கு ஒன்று விழுங்கிவிடுகிறது. சூரியன் விழுந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலை அதைத் தாண்டி இன்னும் மேலே போய், அங்கிருக்கும் வேறோர் அடுக்கில் முட்டித் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தரையில் இறங்கும். அதனால்தான் தூரத்துக் குரல்கள் இருட்டிய பிறகு வருகின்றன. வானத்து அடுக்கு அசைய அசையக் குரல் கூடும், குறையும், சில நொடிகள் அற்றே போகும். விளக்கு வைத்ததும் வெளியே கிளம்புகிறவை என்று நம் பாட்டிமார் எவற்றைச் சொன்னார்களோ, அவற்றின் குணத்தோடு ரேடியோ அலை ஒத்துப்போவதை அறிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஜப்பானியர்கள் இந்த இடைவெளியை நன்றாக அறிந்தவர்கள். ஹிதேயோ நகாதா இயக்கி 1998-ல் வந்த ‘ரிங்கு’ படம் உலகம் முழுக்க ஓடியது. அதில் வரும் சபிக்கப்பட்ட வீடியோ டேப் பலருக்கு நினைவிருக்கும். அந்த டேப் எப்படி உண்டானது என்று படத்தின் தொடக்கத்தில் இரண்டு பள்ளி மாணவிகள் பேசிக்கொள்கிற வதந்தி பலருக்கு மறந்திருக்கும். விடுமுறைக்கு இஸூவுக்குப் போன ஒரு பையன், டோக்கியோவில் தான் பார்க்கிற சேனல் எண்ணை வைத்து ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்தான். அந்த ஊரில் அந்த எண்ணில் எந்த நிலையமும் கிடையாது. டேப் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆக, இரண்டு நிலையங்களுக்கு நடுவிலிருந்துதான் அந்தப் பேயும் வந்தது.

ஜுன்ஜி இனகாவா என்று ஒருவர் இருக்கிறார். 1947-ல் பிறந்தவர். ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் ராத்திரிகளில் பேய்க்கதை சொல்லிப் பேர் பெற்றவர். ஒவ்வொரு கோடையிலும் ஊர் ஊராகப் போய் மேடையில் உட்கார்ந்து கதை சொல்கிறார், அரங்கம் நிறைகிறது. ஜப்பானில் பேய்க்கதைக்குப் பருவம் கோடைதான். இறந்த முன்னோர்கள் வீடு திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் பண்டிகை அப்போதுதான் வரும். புழுக்கத்தில் முதுகுத்தண்டு சில்லிடுவது உடம்புக்கும் இதம் என்பார்கள். நமக்கு அதே நாட்கள் ஆடி. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் குற்றாலத்து அருவிக்கரையில் விடியும் முன்னே ஈரவேட்டிகளோடு வரிசை நிற்கும். சாரலில் உடம்பு நடுங்கும். செத்தவர்கள் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிற அந்த நேரத்தில், யாரும் யாரையும் சத்தமாகக் கூப்பிடுவதில்லை.

காது இல்லாத ஹோய்ச்சி

நான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்ததே ஒரு ஜப்பானியப் படத்தின் வழியாகத்தான். மசாகி கோபயாஷி 1964-ல் எடுத்த ‘க்வாய்தான்’. மூன்று மணி நேரப் படம், நான்கு பேய்க்கதைகள். 1965-ல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. பேய்ப்படப் பிரியர்களான என் நண்பர்களில் பாதிப்பேர் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

படத்தின் கதைகளை எழுதியவர் லஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவொன்றில் 1850-ல் பிறந்து, அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் அலைந்து, 1890-ல் ஜப்பானுக்குப் போய், அங்கேயே மணமுடித்து, கொய்ஸூமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டவர். ஒரு கண் சிறு வயதிலேயே போய்விட்டது. இந்தக் கதைகளில் பலவற்றை அவருக்குச் சொன்னவர் மனைவி செட்ஸு. விளக்குத் திரியை இறக்கி வைத்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல், தன் சொந்த வார்த்தையில் அவர் சொல்ல வேண்டும். ஹெர்ன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார். அந்த வீட்டில் நடந்ததைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது, அது ஒரே ஒரு நேயருக்கான வானொலி நிலையம். ‘க்வாய்தான்’ நூல் 1904-ல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் இறந்தார்.

நான்கில் மூன்றாவது கதை ஹோய்ச்சியுடையது. 1185-ல் தான்-நோ-உரா கடற்போரில் ஹெய்கே குலம் முழுவதும் அழிந்தது. குழந்தைப் பேரரசனைத் தூக்கிக்கொண்டு பாட்டி கடலில் குதித்தாள். நூற்றாண்டுகள் கழித்து, அந்தக் கரையோரத்துக் கோயிலில் ஹோய்ச்சி என்று ஒரு பார்வையற்ற பாடகன் வாழ்கிறான். பிவா என்கிற நரம்பு வாத்தியத்தை மீட்டி ஹெய்கேயின் கதையைப் பாடுவதில் அவனுக்கு ஈடு இல்லை. ஒருநாள் ராத்திரி கவசம் குலுங்க ஒரு வீரன் வந்து, தன் பிரபு கேட்க விரும்புகிறார் என்று அழைத்துப் போகிறான். பெரிய சபை. போரின் கடைசிக் கட்டத்தைப் பாடச் சொல்கிறார்கள். பாடுகிறான். சபை தேம்பித் தேம்பி அழுகிறது. அவனுக்குத்தான் கண் தெரியாதே. அவன் உட்கார்ந்திருப்பது மயானத்தில். கேட்டு அழுகிறவர்கள், அவன் யாருடைய சாவைப் பாடுகிறானோ அவர்களேதான்.

விஷயம் தெரிந்த கோயில் குரு, பேயின் கண்ணுக்கு அவன் படாமலிருக்க உடம்பு முழுக்க மந்திரம் எழுதுகிறார். காதுகளை மறந்துவிடுகிறார். அன்றிரவு வந்த வீரனுக்கு ஹோய்ச்சி தெரியவில்லை. இருட்டில் இரண்டு காதுகள் மட்டும் தெரிகின்றன. வந்ததற்கு அத்தாட்சியாக அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறான்.

கோபயாஷி இதைக் காட்டுகிற விதம் பெரிது. டோரு தகேமிட்சு இதைக் கேட்கவைத்த விதம் அதைவிடப் பெரிது. படம் நெடுக மரம் பிளக்கிற ஒலி, கல் உரசுகிற ஒலி, எதிர்பார்த்த இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி வருகிற ஒலி. ஒரு மனிதன் வாய் திறந்து கத்துவான். அலறல் நம் காதுக்கு வராது. பிவாவை வாசித்தவர் கின்ஷி ட்ஸுருதா என்கிற பெண் கலைஞர். அந்த நரம்பை அவர் அடிக்கும்போது அது இசையாக மட்டும் கேட்கவில்லை. யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

படம் முடிந்தபோது எனக்கு ஜப்பான் நினைவுக்கு வரவில்லை. இலஞ்சிப் பக்கமிருந்து வந்த வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வந்தது.

ஆடிக்காற்றும் குடத்தின் ஓசையும்

சித்திரையில் தொடங்கி ஆடி வரை எங்கள் பக்கத்து ஊர்க் கோயில்களில் கொடைத் திருவிழா. சுடலைமாடன், இசக்கி, பட்டவராயன், பேச்சி, முண்டன் என்று ஒவ்வொரு சாமிக்கும் ஒரு கதை. ஒவ்வொரு கதைக்கும் ஒரு ராத்திரி. நீளமான வில்லை நிறுத்திக் குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். வில்லில் வரிசையாக மணிகள். அண்ணாவி இரண்டு வீசுகோலால் நாணை அடித்தபடி கதை சொல்ல, பக்கத்திலிருப்பவர் ஆமாம் போட்டுத் தூக்கிவிட, உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் கூடவே போகும். குடத்தின் வாயில் பத்தியால் அடிக்கும்போது வயிற்றுக்குள் கேட்கிற ஒரு ‘பும்’. அந்த ஒலி வேறெந்த வாத்தியத்திலும் கிடையாது. 2018-ல் மறைந்த பூங்கனி அம்மாளைப் போன்ற பெண்களும் இந்த வில்லின் முன்னால் உட்கார்ந்து விடிய விடியக் கதை சொல்லியிருக்கிறார்கள்.

கொடைக்குப் போகாதவர்களுக்கும் கதை வந்துவிடும். பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருப்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற ஆடிக்காற்று அதை வயற்காடு தாண்டிச் சுமந்துவந்து எங்கள் மொட்டைமாடியில் போடும். காற்று திரும்பினால் கதை அறுந்துவிடும். மறுபடி வரும்போது வேறோர் இடத்தில் இருக்கும். ஆயுதம் எடுத்தவன் யார், விழுந்தவன் யார் என்று தெரியாது. நடுவில் போன பத்து நிமிஷத்தைப் பாயில் படுத்திருக்கும் பத்து வயதுப் பையன்தான் தன் பயத்தைக்கொண்டு நிரப்ப வேண்டும். தாத்தாவின் ரேடியோவில் குரல் கூடிக் குறைவதும் இதுவும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. முழுதாகக் கேட்ட எந்தக் கதையும் என்னை அந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை.

வில்லுப்பாட்டைப் பற்றி 1988-ல் ஒரு முழு நூல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இந்தக் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று இரண்டாகப் பிரிக்கிறார். கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு வருகிற தெய்வங்கள் ஒரு பக்கம். மறு பக்கம், மனிதராகப் பிறந்து அநியாயமாகக் கொல்லப்பட்டு, ஆவி அடங்காமல் தெய்வமானவர்கள். இரண்டாம் வகையில் சாவுதான் கதையின் உச்சம். அண்ணாவி சாவை நெருங்க நெருங்கத் தாளம் இறுகும். வெட்டு விழும் இடம் வந்ததும், அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்த சாமியாடியான கோமரத்தாடியின் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கும். செத்தவர் வந்துவிட்டார்.

ஹோய்ச்சியின் சபையில் நடந்தது இதுதானே? தங்கள் சாவைத் தாங்களே கேட்க இறந்தவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் காவு, படையல் எல்லாம் அப்புறம். முதலில் வேண்டியது, நடந்ததை நடந்தபடி யாராவது வாய்விட்டுச் சொல்வது. கடல் கடந்த இரண்டு ஊர்கள், ஒருவரையொருவர் அறியாமலே இதே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஜப்பானில் அந்தப் பாடகனுக்குக் காது போயிற்று. நம்மூரில் அண்ணாவிக்கு வெற்றிலை பாக்கும் வேட்டியும் கொடுத்து, அடுத்த ஆண்டுக்கும் வரச் சொல்லி அனுப்புகிறோம்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் நா.வானமாமலை தேடிப் பதிப்பித்த கதைகளில் ஒன்று. பிராமணனாகப் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பி, அவர்களுக்காகத் தன் சாதி அடையாளத்தை அறுத்துப்போட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்ளர்களோடு போராடி ஜெயித்துவிட்டு ஓடையில் இறங்கும்போது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான். மனைவிகள் இருவரும் சிங்கம்பட்டி அரண்மனைக்குப் போய்த் தீப்பாய அனுமதி கேட்கிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்று அவன் பட்டவராயன். ஆடி அமாவாசைக்கு அங்கே காடு கொள்ளாத கூட்டம். அவன் சன்னிதியில் பக்தர்கள் கட்டித் தொங்கவிடுவது செருப்பு. புதுச்செருப்பு. அடுத்த முறை போய்ப் பார்த்தால் அடிப்பாகம் தேய்ந்திருக்கும் என்பார்கள். ராத்திரிகளில் அவன் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் மாட்டைத் தேடி நடக்கிறான். அந்தத் தேய்ந்த அடித்தோலை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. காலைச் சற்றுச் சாய்த்து நடக்கிறவர்களின் செருப்பு அப்படித்தான் தேயும்.

சுடலைக்கு வேறு வகை. நள்ளிரவில் சாமி வேட்டைக்குப் போகும். பந்தத்தோடு கோமரத்தாடி சுடுகாட்டுக்கு ஓடுவார். வழியில் யாரும் நிற்கக் கூடாது, ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. கணியான் கூத்தின் மகுடம் என்கிற பறை அலறிக்கொண்டிருக்கும். சல்லடமும் கச்சையும் கட்டி ஓடுகிறவரின் மணிச்சத்தம் தெருமுனையில் கேட்கும், வீட்டு வாசலைத் தாண்டும், தேயும். ஆச்சி என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொள்வாள். "பாக்கக் கூடாதுல. காதால கேட்டாப் போதும், அய்யா புரிஞ்சுக்கிடுவாரு."

பார்க்கக் கூடாது, கேட்க வேண்டும். பேய்க்கதைக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

முட்டைக்கோஸும் வில்லும்

உலகமெங்கும் ரேடியோக்காரர்கள் இந்த இலக்கணத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். 1934-ல் சிகாகோவில் வைலிஸ் கூப்பர் என்பவர் தொடங்கிய ‘லைட்ஸ் அவுட்’ நள்ளிரவில் ஒலிபரப்பானது. பெயருக்கு ஏற்றபடி நேயர்கள் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். தலை வெட்டப்படுகிற சத்தத்துக்கு ஸ்டுடியோவில் முட்டைக்கோஸைக் கத்தியால் பிளந்தார்கள். 1943-ல் பிபிசி, போர்க்கால இருட்டடிப்புக்கு நடுவே, கறுப்பு உடை மனிதர் என்கிற கதைசொல்லியை வைத்துத் திகில் நாடகங்கள் நடத்தியது. கொல்கத்தாவில் மிர்ச்சி எஃப்.எம்மின் ‘சண்டே சஸ்பென்ஸ்’ 2009-ல் தொடங்கி, வங்காளிகளின் ஒரு தலைமுறையை மறுபடி கதை கேட்க உட்காரவைத்தது. டாக்காவில் ரேடியோ ஃபூர்த்தி 2010-ல் தொடங்கிய ‘பூத் எஃப்.எம்’ இன்னும் ஒரு படி போயிற்று. எழுத்தாளரும் இல்லை, நடிகரும் இல்லை. நேயர்களே வந்து தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். சாதாரண மனிதர் தடுமாறித் தடுமாறிச் சொல்கிற பேய்க்கதைக்கு இருக்கும் பலம் தேர்ந்த நடிகர் சொல்வதற்கு இல்லை.

நம் பக்கத்தில் இந்த வேலையை வில்லும் வானொலியும் பங்கு போட்டுக்கொண்டன. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைக் கோயில் வாசலிலிருந்து நகர மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் கைபிடித்துச் சென்னைக்கு வந்த சுப்பு ஆறுமுகம், திருநெல்வேலிக்குப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்துக்காரர். வானொலியிலும் மேடையிலுமாக வாழ்நாள் முழுக்க வில்லடித்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறைந்தார். காந்தியைப் பாடலாம், குடும்பக் கட்டுப்பாட்டைப் பாடலாம் என்று வில்லுக்கு அவர்கள் புது வாசல் திறந்தது உண்மை. பேய்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றதும் உண்மைதான். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸில் வில்லிசை என்ற அறிவிப்பு வந்தாலே எங்கள் ஆச்சி அடுப்படியிலிருந்து எழுந்து வருவாள். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பாடுதான். ஆனா சாமி வராது" என்பாள். அரை மணி நேரத்தில் முடிகிற கதைக்கு எந்தச் சாமி வரும்?

ராத்திரி எங்களுக்கு இலங்கை வானொலி. அகில இந்திய வானொலி 1952-ல் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது கொழும்பு அதை எடுத்துக்கொண்டது. தென்மாவட்டங்களின் காது அன்றிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மயில்வாகனம், அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் எல்லோரும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள். வானொலி நாடகங்களுக்கு அங்கே இருந்த மவுசு சாதாரணமில்லை. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்கிற வானொலித் தொடர் 1976-ல் ‘கோமாளிகள்’ என்று சினிமாவாகவே வந்தது.

கே.எஸ்.ராஜாவின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குதிரை ஓட்டம் மாதிரி பேசுவார். ஒரு மூச்சில் ஒரு பாரா. 1994-ல் அவர் கொழும்பில் கொலையுண்டார். அந்தச் செய்தி வந்து பல நாட்கள் கழித்து, தென்காசியில் ஒரு டீக்கடையில் யாரோ பதிந்து வைத்திருந்த பழைய கேசட் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் குரல். அதே வேகம், அதே உற்சாகம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பாட்டு வந்த பிறகுதான் ஒருவர் "பாவம்லா" என்றார். அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் குரல் அடங்காது என்று வில்லுப்பாட்டு சொல்வதை அன்றைக்கு நான் என் கண்முன்னால் பார்த்தேன். இல்லை, கேட்டேன்.

நம் படம் எங்கே?

தமிழ் சினிமாவுக்கு ஒரு காலத்தில் இது தெரிந்திருந்தது. 1966-ல் வந்த ‘யார் நீ’ படத்தில் பி.சுசீலா பாடிய அந்தப் பேய்ப்பாட்டை ராத்திரி ரேடியோவில் கேட்டவர்கள் படத்தைப் பார்க்காமலே பயந்தார்கள். வேதாவின் இசையில் குரல் தொலைவிலிருந்து வரும், போகும். திரையில் ஜெயலலிதா வெள்ளைச் சேலையில் நடந்து வருவது அழகுதான். ரேடியோவில் நடந்து வந்தவள் வேறு.

பிறகு நாம் காட்டத் தொடங்கினோம். கண்ணைக் காட்டினோம், பல்லைக் காட்டினோம், தலைகீழாகத் தொங்குவதைக் காட்டினோம். ஒலி, காட்டுவதற்கு முன் நம்மைத் திடுக்கிடவைக்கும் ஒரு வெடிச்சத்தமாகச் சுருங்கியது. ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2011-ல் வந்த ‘காஞ்சனா’வை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிரிப்பையும் சண்டையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: நிலத்துக்காக அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை, பயந்தாங்கொள்ளி ஒருவன் உடம்பில் இறங்கி, தன் கதையைச் சொல்லி, நியாயம் கேட்கிறாள். இது கொடை. அப்பட்டமான இறப்புக் கதை. லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து விசிலடித்ததோடு கண்ணீரும் விட்டதற்குக் காரணம் அந்த ஆதி அமைப்புதான் என்று நம்புகிறேன்.

2022-ல் கன்னடத்திலிருந்து ‘காந்தாரா’ வந்தது. துளுநாட்டுப் பூதகோலத்தை எடுத்துக்கொண்டு ரிஷப் ஷெட்டி செய்த படம். தென்காசித் தியேட்டரில் அதைப் பார்த்தேன். தெய்வம் இறங்கும்போது எழுகிற அந்த ஒற்றைக் கூவலுக்கு, எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். திரையில் அப்போது வெறும் இருட்டும் தீப்பந்தமும்தான். பாஷை புரியாத அந்த அம்மாவுக்குக் காது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அதுபோல ஒரு படம் இந்த மண்ணில் கிடக்கிறது. மாரி செல்வராஜ் ‘கர்ணன்’ படத்தில், செத்துத் தெய்வமான சிறுமியை முகமூடியோடு நிறுத்தியபோது அதன் ஒரு ஓரம் தெரிந்தது. முழுப்படம் இன்னும் வரவில்லை. நான் ஆசைப்படுவது இது: ஓர் ஊர், ஒரு ஆடி இரவு, ஒரு குழாய் ஸ்பீக்கர், இரண்டு நிலையங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ரேடியோ முள். பேயைக் கடைசிவரை காட்டவே கூடாது. வில் அடிக்கிறவரின் குரல் ஒன்றே போதும். அவர் சொல்லும் சாவு யாருடையது என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

அப்படி ஒருவர் எடுக்கக் கிளம்பினால் ஒலிக்கு எங்கே போவார்? இதுதான் என் கவலை. வில்லுக்காரர்களின் கேசட்டுகள் தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர்க் கடைகளில் அடுக்கி வைத்து விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மாடன் கதை ஆறு கேசட், இசக்கி கதை நாலு கேசட். இன்று அந்த நாடாக்கள் பரணில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. குற்றாலத்துச் சாரல் காற்று மனிதருக்கு நல்லது. காந்த நாடாவுக்கு எமன். எங்கள் வீட்டிலேயே தாத்தா பதிந்துவைத்த ஒன்பது கேசட்டுகளில் மூன்றுதான் ஓடுகின்றன. மற்றவற்றில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. பல்கலைக்கழகங்களும் வானொலியும் வில்லுக்காரர்களின் குடும்பங்களும் கையிலிருப்பதைக் கணினிக்கு மாற்றி ஒரே இடத்தில் சேர்த்தால், அதற்காகத் தென்காசியிலிருந்து நடந்தே வரத் தயார். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணி போட்டு ஏறிப் பாருங்கள்.

அந்த மூன்றில் ஒன்றைப் போன ஆடியில் போட்டுக் கேட்டேன். முத்துப்பட்டன் கதை. தாத்தா கொடைக்களத்தில் உட்கார்ந்து பதிந்திருக்கிறார். அண்ணாவியின் குரல் தெளிவாக இருக்கிறது. பின்னால் குழந்தைகள் அழுகின்றன, யாரோ சுக்குக்காப்பி விற்கிறார், காற்று மைக்கில் மோதி இரைகிறது. பட்டன் ஓடைக்குள் இறங்கும் இடம் வந்தது. குடத்தின் அடி நெருங்கியது. அதற்குச் சற்று முன்னால், மைக்குக்கு மிக அருகில், ஒரு பெண்குரல் தாழ்ந்து சொல்கிறது: "ஏலே, தூங்காத. இப்ப வருவாரு."

ஆச்சி போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.